ஒரே வீட்டில் மூன்று கடிகாரம்: வந்திருக்கும் பேரப்பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது?

மகன் குடும்பம் மெல்பர்னிலிருந்து வந்தது. அவன், மருமகள், ஒன்பது வயதுப் பேரன், மூன்றரை வயதுப் பேத்தி. அதே வாரம் மருமகளின் அப்பா அம்மாவும் மதுரையிலிருந்து வந்து சேர்ந்தார்கள். நானும் என் வீட்டுக்காரரும் சேர்த்து எட்டுப் பேர். சிங்கப்பூரின் ஈசூனில் இருக்கும் எங்கள் நாலறை வீடு டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுவரை பதினாறு நாள் அதை எப்படித் தாங்கியது என்பது தனிக் கதை. எங்கே போனோம், எதை விட்டோம், எதைவிட எது மேல் என்று பட்டது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். ஜூன் விடுமுறைக்கு ஆட்கள் வரப்போகிற என் வயதுத் தோழிகள் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஆளாளுக்குத் தொலைபேசியில் சொல்லி வாய் வலிக்கிறது.

வந்த அன்று இரவே சாப்பாட்டு மேசையில் பட்டியல் போட்டார்கள். மகனுக்கு யுனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்கா. மருமகளுக்குக் கரையோரப் பூந்தோட்டங்கள், அதாவது கார்டன்ஸ் பை தி பே. சம்பந்திக்குக் கோயிலும் கடலும். சம்பந்தியம்மா, "நீங்க எங்க கூட்டிட்டுப் போனாலும் சரிதாங்க" என்றார். அப்படிச் சொல்கிறவர்களைத் திருப்திப்படுத்துவதுதான் இருப்பதிலேயே கஷ்டம். என் வீட்டுக்காரர், மண்டாய் விலங்குத் தோட்டம் பக்கத்திலேயே இருக்கும்போது வேறெங்கே போக வேண்டும் என்றார். அவர் எதையும் தூரத்தை வைத்துத்தான் முடிவு செய்வார்.

மறுநாள் விடிகாலை நாலரைக்கு வரவேற்பறையில் விளக்கு எரிந்தது. பேத்தி எழுந்து உட்கார்ந்து தோசை கேட்கிறாள். ஜனவரியில் மெல்பர்ன் நமக்கு மூன்று மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அவளுக்கு அது ஏழரை மணி, பசிக்கத்தான் செய்யும். மதுரைக்காரர்களோ நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். எட்டு மணிக்கு நான் கோப்பி போட்டுக்கொண்டு போய் நின்றால் அவர்கள் உடம்புக்கு அது ஐந்தரை. மாலை ஆறுக்குப் பேத்தி சோற்றுத் தட்டின்மேல் தூங்கி விழுவாள், சம்பந்தி அப்போதுதான் தெம்பாகி "எங்கயாவது நடந்துட்டு வரலாமா?" என்பார். ஒரே கூரைக்குக் கீழே ஐந்தரை மணி நேர வித்தியாசம்.

அன்றைக்கே பட்டியலை ஓரம் வைத்தேன். ஒவ்வோர் இடத்தையும் இரண்டு கேள்வி கேட்டுப் பார்த்தேன். அது காலைக்கு ஏற்ற இடமா, மாலைக்கு ஏற்ற இடமா? முழங்கால் அறுவை செய்துகொண்ட என் வீட்டுக்காரர் அங்கே ஓரிடத்தில் உட்கார்ந்தபடியே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முடியுமா? டிக்கெட் விலை மூன்றாவது கேள்வி. விலை முக்கியமில்லை என்பதல்ல. முதல் இரண்டும் தவறினால் கொடுத்த காசு எப்படியும் வீண்தான்.

போக்குவரத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதி முடிவை அதுதான் எடுத்தது. வழக்கமான டாக்சியில் நாலு பேருக்குமேல் ஏற்ற மாட்டார்கள். எட்டுப் பேருக்கு இரண்டு டாக்சி. செயலியில் கூப்பிடுகிற தனியார் வாடகைக் கார் என்றால், 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைக்கு அதற்குரிய இருக்கை கட்டாயம். டாக்சிக்கு அந்த விதியில் விலக்கு உண்டு. எங்கள் பேரன் 1.32. அதனால் எம்ஆர்டி ரயிலில் போக முடிகிற இடங்களுக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகக் கொடுத்தேன். ரயிலுக்குள் சாப்பிடக்கூடாது, அபராதம் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரைக்கும் போகும் என்று சம்பந்தியம்மாவிடம் முன்கூட்டியே சொன்னேன். சீடை டப்பாவைத் திறந்த கை அப்படியே நின்றது.

முதலில் மண்டாய். அங்கே இப்போது ஒன்றல்ல, விலங்குத் தோட்டம், ரிவர் வொண்டர்ஸ், நைட் சஃபாரி, பேர்ட் பாரடைஸ் என்று வரிசையாக இருக்கின்றன. 2025-ல் ரெயின்ஃபாரஸ்ட் வைல்ட் ஏஷியாவும் சேர்ந்துகொண்டது. வருகிறவர்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கலாமா என்று கேட்பார்கள். சிறு பிள்ளையும் வயதானவர்களும் இருந்தால் வேண்டாம். ஒரு நாளில் ஒன்றுதான் முடியும். இரண்டாவதில் நுழையும்போது எல்லார் முகமும் ஒரே மாதிரி தொங்கியிருக்கும்.

எங்களுக்கு விலங்குத் தோட்டம் பொருந்தியதற்குக் காரணம் அதன் நேரம். காலை எட்டரைக்குத் திறக்கிறார்கள். மெல்பர்ன் பிள்ளைகளுக்கு அது பதினொன்றரை, நல்ல உற்சாகத்தில் இருக்கும் பொழுது. காத்திப் எம்ஆர்டியிலிருந்து மண்டாய்க்கு நேரே பேருந்து போகிறது, டாக்சிக் கவலை இல்லை. உள்ளூர்ப் பள்ளிகள் ஜனவரித் தொடக்கத்தில் திறந்துவிடும், ஆஸ்திரேலியப் பிள்ளைகளுக்கோ ஜனவரிக் கடைசிவரை விடுமுறை. அந்த இடைவெளியில் ஒரு செவ்வாய்க்கிழமையைப் பார்த்துப் போனோம். ஒராங் ஊத்தான் தலைக்குமேல் கயிற்றில் போவதை, முன்னால் யாருடைய தலையும் மறைக்காமல் பார்க்க முடிந்தது. 1973-ல் திறந்தபோதே கம்பிக் கூண்டுகளைத் தவிர்த்து, அகழியும் நீரும் செடிகொடியுமாக எல்லை போட்டுக் கட்டிய தோட்டம் அது. கூண்டு எங்கே என்று சம்பந்தி மூன்று இடத்தில் தேடினார். வெள்ளைப் புலியைப் பார்த்ததும், "நடுவுல தண்ணி மட்டும்தானா?" என்று இரண்டடி பின்வாங்கினார்.

உட்காரும் விஷயத்தில் பாதி தேறும். டிராம் வண்டி இருக்கிறது, நிழலில் இருக்கைகள் உண்டு, குழந்தைகளை இழுத்துப்போகும் வண்டி வாடகைக்குக் கிடைக்கிறது. ஆனாலும் நடை நடைதான். என் வீட்டுக்காரர் டிராமில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, யானைப் பக்கம் ஓர் இருக்கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்தார். பதினொன்றரைக்கு வானம் இருண்டது. டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை எந்த நேரமும் கொட்டும். நாங்கள் அதற்குள் பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்திருந்ததால் வெளியே வந்துவிட்டோம். பத்தரைக்கு மெதுவாகக் கிளம்பி வருகிற குடும்பமாக இருந்தால் அந்த மழையில் ஒரு கூரைக்கடியில் இரண்டு மணி நேரம் நின்றிருக்கும். வெளியூர்க்காரப் பெரியவருக்கு டிக்கெட் ஏறத்தாழ 50 வெள்ளி. நம் ஊர் மூத்தோருக்கு அறுபது தாண்டினால் சலுகை விலை, மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இலவசம். பேத்திக்கு மூன்றரை. ஆறு மாதம் முன்னாடியே வந்திருக்கலாமே என்று மகனிடம் சொல்லிக் காட்டினேன்.

மழை நிச்சயம் என்று தெரிகிற நாளில் விலங்குத் தோட்டத்தைவிட ரிவர் வொண்டர்ஸ் மேல். பெரும்பகுதி கூரைக்குக் கீழேயும் கண்ணாடிக்குப் பின்னேயும்தான். 2012-ல் சீனாவிலிருந்து வந்த காய் காய், ஜியா ஜியா என்ற இரண்டு பாண்டாக்களும் இங்கேதான், குளிரூட்டிய அறையில். பரப்பளவு குறைவு, அதனால் நடையும் குறைவு. பேர்ட் பாரடைஸ் 2023-ல் திறந்தது; ஜூரோங் பறவைப் பூங்காவை மூடிவிட்டு அதற்குப் பதிலாகக் கட்டியது. பறவைகள் பறக்கிற பெரிய வலைக்கூடாரங்களுக்குள்ளேயே நாமும் நடக்கலாம், அழகுதான். என் பிள்ளைகளை ஜூரோங்குக்கு அழைத்துப் போன நினைவு எனக்கு இருப்பதால் அதைப் பற்றி நான் நியாயமாகத் தீர்ப்புச் சொல்வேனா என்பது சந்தேகம். அதைத் தள்ளுங்கள்.

நைட் சஃபாரிக்கு எல்லாரும் ஆசைப்படுவார்கள். 1994-ல் திறந்தபோது உலகத்திலேயே முதல் இரவு விலங்குத் தோட்டம் அது. மாலை ஏழேகாலுக்குத்தான் திறக்கிறார்கள். எங்கள் பேத்திக்கு அது இரவு பத்தேகால். மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ பிள்ளைகள் வந்தால் நிலைமை தலைகீழ்: அவர்கள் உடம்புக்கு மாலை நாலே முக்கால்தான், பத்து மணிவரை துள்ளுவார்கள். மேலும், டிராமில் உட்கார்ந்தபடியே நிறையப் பார்த்துவிடலாம், முழங்காலுக்கும் நல்லது. ஆக இந்தியாவிலிருந்து வரும் பேரப்பிள்ளைக்கு நைட் சஃபாரி, ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் பேரப்பிள்ளைக்குப் பகல் தோட்டம். யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை. நாங்கள் கடைசியில் சம்பந்தி இருவரையும் மகனோடு நைட் சஃபாரிக்கு அனுப்பிவிட்டு, பிள்ளைகளை வீட்டில் தூங்க வைத்தோம்.

எட்டுப் பேரும் ஒன்றாகப் போனால்தான் குடும்பம் என்ற நினைப்பை அன்றோடு விட்டேன்.

அடுத்தது பூமலை. இளம் பிள்ளைகள் பொட்டானிக் கார்டன்ஸ் என்பார்கள், எங்கள் வீட்டில் அது எப்போதும் பூமலைதான். விடிகாலை ஐந்து மணிக்கே திறந்துவிடுகிறார்கள், நள்ளிரவுவரை. நுழைவுக் கட்டணம் கிடையாது. நாலரைக்கு எழுந்து தோசை கேட்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு வேறெங்கே போவது? முதல் எம்ஆர்டி ரயில்களில் ஒன்றைப் பிடித்து, நியூட்டனில் மாறி, ஏழு மணிக்கெல்லாம் புல்தரையில் இருந்தோம். பிள்ளைகள் ஓடினார்கள், நான் ஃபிளாஸ்க்கைத் திறந்தேன். பதினாறு நாளில் மூன்று முறை போனோம். மூன்றுக்கும் நான் உணவுப் பொட்டலம் தவிர ஒரு காசு செலவழிக்கவில்லை.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தோட்டம் 80 ஹெக்டருக்கு மேல், நீளவாக்கில் கிடக்கிறது. எந்த எம்ஆர்டியில் இறங்குகிறீர்கள் என்பதில்தான் அன்றைய நாள் இருக்கிறது. ஜேக்கப் பாலஸ் சிறுவர் தோட்டத்துக்கு பொட்டானிக் கார்டன்ஸ் நிலையத்தில் இறங்க வேண்டும். அன்னங்கள் நீந்துகிற ஏரிக்கும் பழைய மரங்களுக்கும் நேப்பியர் நிலையம் பக்கம். இரண்டையும் ஒரே நாளில் சேர்க்கப் பார்த்தால் நடுவில் வெயிலும் பிள்ளையின் அழுகையும் உங்களைப் பிடித்துக்கொள்ளும். ஒரு நாள் இந்தப் பக்கம், இன்னொரு நாள் அந்தப் பக்கம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ஜேக்கப் பாலஸ் 2007-ல் திறந்தது. பதினாலு வயதுவரையுள்ள பிள்ளைகளுக்கென்றே அமைத்தது. மரவீடு, தொங்குபாலம், தண்ணீர் விளையாட்டு, காய்கறிப் பாத்தி எல்லாம் உண்டு. பிள்ளை இல்லாமல் பெரியவர்கள் தனியாக உள்ளே போக முடியாது. என் வீட்டுக்காரர் மருந்தகத்தில் வேலையை முடித்துக்கொண்டு பின்னால் வந்தார். பேத்தி வாசலுக்குப் போய், "இது எங்க தாத்தா" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தாள். அன்று முழுக்க அவரை அவள்தான் உள்ளே விட்டதாக நடந்துகொண்டாள். உட்காரும் கேள்விக்கு இந்த இடம் முழு மதிப்பெண் வாங்கியது. தண்ணீர் விளையாடுமிடத்தைச் சுற்றி உட்கார்ந்தால் பிள்ளை கண்ணிலேயே இருக்கும். மாற்றுடை இரண்டு செட் வேண்டும், ஒன்று போதாது.

நேப்பியர் பக்கம் போன நாளில் பேரனிடம் ஐந்து வெள்ளித் தாளைக் கொடுத்து, அதன் பின்பக்கத்தில் இருக்கும் மரத்தைக் கண்டுபிடி என்றேன். அது தெம்புசு மரம், வேலி போட்டு வைத்திருக்கிறார்கள், கீழ்க்கிளை ஒன்று தரைக்கு இணையாகப் படர்ந்திருக்கும். அரை மணி நேரம் தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மரம் மரமாக ஒப்பிட்டுக் கொண்டிருந்தான். கண்டுபிடித்ததும் தாள் அவனுக்கு. ஐந்து வெள்ளிக்கு இதைவிட நல்ல விளையாட்டு இந்தத் தீவில் கிடைக்காது.

அப்புறம் பால்மரம். இதை யாரும் சுற்றுலாப் பட்டியலில் எழுதுவதில்லை, எனக்கு இதுதான் பூமலை. 1877-ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து ரப்பர் கன்றுகள் இங்கே வந்தன. 1888-ல் இயக்குநராக வந்த ரிட்லி என்பவர், மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை இங்கேதான் பரிசோதித்தார். அதன்பின் மலாயா முழுக்க ரப்பர்த் தோட்டங்கள், அவற்றில் வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக நம் ஆட்கள். என் அப்பா ஜொகூரில் மரம் வெட்டியவர். இங்கே மரம் வெட்டுவது என்றால் கோடரியால் அல்ல, கத்தியால் பட்டையைச் சீவுவது. இதைச் சம்பந்திக்கு விளக்க வேண்டியிருந்தது. பேரனுக்கு ஒரு பால்மரத்தைக் காட்டி, கொள்ளுத்தாத்தா விடிவதற்கு முன்பே எழுந்து இதில் கத்தி போடுவார், வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்றேன். "அவரும் நாலரைக்கு எழுந்திருப்பாரா?" என்றான். ஆமாம் என்றேன். தங்கச்சியைப் பார்த்து, "இவ மாதிரி" என்றான்.

கரையோரப் பூந்தோட்டங்களுக்கு வருகிறேன். பூமலையோடு இதைத்தான் எல்லாரும் ஒப்பிடுவார்கள். இரண்டுமே தோட்டம், ஆனால் வேலை வேறு. பூமலை காலைக்கு, இது மாலைக்கு. 2012-ல் திறந்தது. செயற்கையாகக் கட்டிய ராட்சத மரங்கள் 18, அவற்றில் உயரமானது 50 மீட்டர். இரவு ஏழே முக்காலுக்கும் எட்டே முக்காலுக்கும் விளக்கும் இசையுமாக ஒரு காட்சி, காசு கிடையாது. ராட்சத மரங்களுக்கு அடியில் துண்டை விரித்து எல்லாரும் மல்லாந்து படுத்துவிட்டோம், உட்காரும் பிரச்சினையே எழவில்லை.

மெல்பர்ன் பிள்ளைகளுக்கு இதில் ஒரு புதுமை இருந்தது, நான் எதிர்பாராதது. ஜனவரியில் அங்கே சூரியன் மறைய இரவு எட்டே முக்கால் ஆகிவிடும். இருட்டுவதற்கு முன்பே தூங்கப் போகிற பிள்ளைகள். இங்கே ஏழேகாலுக்குள் சூரியன் மறைந்து இருட்டி, வெதுவெதுப்பான காற்றில் வெளியே படுத்துக்கொண்டு விளக்கு பார்ப்பது அவர்களுக்குத் தீபாவளி மாதிரி. ஆனால் இதற்கும் நாள் பார்க்க வேண்டும். இரண்டாம் நாளே போயிருந்தால் பேத்தி தோளில் தூங்கியிருப்பாள். ஒன்பதாம் நாள் போனோம், அதற்குள் அவள் கடிகாரம் சிங்கப்பூருக்கு வந்துவிட்டது.

அங்கே மேகக்காடு, பூக்கூடம் என்று இருக்கும் கண்ணாடிக் கூடங்களுக்குக் காசு வாங்குவது தகுமா? மேகக்காட்டுக்கு மட்டும் தகும் என்பேன். உள்ளே 35 மீட்டர் அருவி, மலைபோல் கட்டி வைத்திருக்கிறார்கள், மேலே மின்தூக்கியில் போய்ச் சரிவாக இறங்கி வரலாம். முழங்கால்காரர் ஏற வேண்டியதில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு வெளியே வெயில் கொளுத்தும்போது அந்தக் குளிரில் ஒரு மணி நேரம் இருப்பது மதுரைக்காரர்களுக்குக் கொடைக்கானல். பூக்கூடம் மருமகளுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் பிடித்தது, பேரன் பத்தாவது நிமிடத்தில் "முடிஞ்சுதா?" என்றான். இங்கே இருக்கும் சிறுவர் தோட்டத்திலும் தண்ணீர் விளையாட்டு உண்டு, இலவசம், ஆனால் எம்ஆர்டியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. தண்ணீர் விளையாட்டுக்கு மட்டும் என்றால் நான் ஜேக்கப் பாலஸுக்கே போவேன், நிழல் அங்கே அதிகம்.

திங்கட்கிழமையை மறக்கக்கூடாது. ஜேக்கப் பாலஸ், கரையோரச் சிறுவர் தோட்டம், ஜூரோங் ஈஸ்ட்டில் இருக்கும் அறிவியல் நிலையம் என்று பிள்ளைகளுக்கான மூன்று இடமும் வழக்கமாகத் திங்களன்று மூடியிருக்கும். மூடிய கதவுக்கு முன்னால் மூன்றரை வயதுப் பிள்ளைக்கு வாரநாட்களை விளக்குவது நடக்காத காரியம். திங்களுக்குக் கடற்கரையையோ மண்டாயையோ ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பற்றி மகனுக்கும் எனக்கும் ஒரு சிறு வாக்குவாதம். பெரியவருக்கு 80 வெள்ளிக்கு மேல். பெரிய சவாரிகளில் சிலவற்றுக்கு 122 அல்லது 125 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். பேரன் தேறுவான், பேத்தி தேற மாட்டாள். நானும் சம்பந்திமாரும் சவாரி போகப்போவதில்லை. எட்டுப் பேர் போய் இரண்டு பேர் விளையாட, ஆறு பேர் பை காக்க வேண்டுமா? அப்பனும் மகனும் மட்டும் போனார்கள், காலையில் திறக்கும்போதே. சாயங்காலம் இருவரும் குரல் போய்த் திரும்பி வந்தார்கள், அவ்வளவு கத்தல். அந்த நாள் அவர்களுக்கு நல்ல நாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. முன்பு ஒரு முறை வேறொரு குடும்பத்தோடு ஒரு பெரிய கேளிக்கைப் பூங்காவுக்குப் போய், ஒரே சவாரிக்கு ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்று, வாசலை நெருங்கும்போது பிள்ளைக்கு உயரம் பத்தாது என்று திருப்பி அனுப்பப்பட்டவள் நான். அந்தப் பிள்ளையின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. போகிறவர்கள் வீட்டிலேயே சுவரில் நிறுத்தி அளந்துவிட்டுப் போங்கள்.

யுனிவர்சல் ஸ்டூடியோஸ் இருக்கும் செந்தோசாத் தீவு என்றால் அது மட்டுமே இல்லை. விவோசிட்டி கடைத்தொகுதியிலிருந்து நடைபாதை வழியாகக் காசில்லாமல் நடந்தே தீவுக்குள் போகலாம், ரயிலில் போனால் 4 வெள்ளி. 1974-லிருந்து ஓடும் கேபிள் காரில் மேலிருந்து துறைமுகத்தைப் பார்க்கலாம். உட்கார்ந்தே பார்க்கும் காட்சி என்பதால் பெரியவர்களுக்கு ஏற்றது, ஆனால் கொடுக்கும் காசுக்கு நேரம் குறைவு. நாங்கள் விட்டுவிட்டோம்.

கடல் கேட்ட சம்பந்திக்கு இரண்டு வழி இருந்தது: கிழக்குக் கடற்கரைப் பூங்கா, அல்லது புலாவ் உபின் தீவு. உபின் மீது எனக்கு ஆசை அதிகம். சாங்கி முனையிலிருந்து ஆளுக்கு 4 வெள்ளி, பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் அறுபது வருடத்துக்கு முந்தைய சிங்கப்பூரில் இறங்குவீர்கள். தகரக் கூரை வீடுகள், வாடகை சைக்கிள், குறுக்கே போகும் காட்டுப்பன்றி. செக் ஜாவாவில் கடலுக்குமேல் மரப்பாதை போட்டிருக்கிறார்கள். ஆனால் படகுத்துறைப் படியும் ஆடுகிற படகும் முழங்காலுக்கு ஆகாது. மூன்றரை வயதைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு மேடு ஏறுவது இளைஞர் வேலை. ஒன்பது வயதுக்கு மேற்பட்ட பிள்ளையும் திடமான அப்பாவும் இருந்தால் உபின்தான் என் முதல் தேர்வு, யுனிவர்சலுக்கும் முன்னால். பேரனிடம் இரண்டில் எது என்று கேட்கவில்லை. கேட்டால் மகன் ஜெயித்துவிடுவான்.

பெரியவர்களுக்குக் கிழக்குக் கடற்கரை. ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளம், முழுக்கக் கடலைத் தூர்த்து எடுத்த நிலம். 2024 ஜூனில் எம்ஆர்டி மரின் பரேட் பக்கம் வந்தபின் போக்குவரத்தும் சுலபமாகிவிட்டது. அங்கே மரின் கோவ் என்ற இடத்தில் பிள்ளைகளுக்குப் பெரிய விளையாட்டுத் திடல். மெல்பர்ன் பிள்ளைகளுக்குக் கடல் ஒன்றும் பெரிய விஷயமில்லை, "அலையே இல்லையே" என்றான் பேரன். உண்மைதான், இங்கே கடல் குளத்தைப்போலக் கிடக்கும். வரிசையாக நங்கூரம் போட்ட கப்பல்களை எண்ண விட்டதும் அடங்கினான். அறுபதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டான். சம்பந்திக்கோ நேர்மாறு. மதுரையில் கடல் ஏது? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நின்று, கையில் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். "ராமேஸ்வரத்துக்கு அப்புறம் இப்பத்தான்" என்றார். பக்கத்தில் ஒரு சீனத் தாத்தா தூண்டிலை வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக் கொண்டிருந்தார்.

தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா பக்கம் போவதைப் பற்றி வீட்டில் இரண்டு கருத்து. மதுரைக்காரர்களுக்கு மதுரையைக் காட்டுவதா என்றார் என் வீட்டுக்காரர். ஆனால் பிள்ளைகள் மெல்பர்ன்காரர்கள். வடகிழக்குப் பாதை ரயிலுக்கு ஓட்டுநர் கிடையாது, 2003-லிருந்தே அப்படித்தான். முன்பெட்டியின் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு இருவரும் சுரங்கத்தைப் பார்த்தபடியே வந்தார்கள். நிலையத்தில் தமிழில் எழுதியிருந்த பெயரைப் பேரன் எழுத்துக் கூட்டிப் படித்தான்: லி, ட், டி, ல். தன் தமிழ் வகுப்புக்கு வெளியே தமிழ் எழுத்தை ஒரு ரயில் நிலையத்தில் அவன் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வீரமாகாளியம்மன் கோயில், கேம்பல் லேனில் 2015-ல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம், 1947-லிருந்து நடக்கும் கோமள விலாஸில் சாப்பாடு. பொங்கல் நெருங்கியதால் சிராங்கூன் சாலை முழுக்க அலங்கார விளக்கு. இந்த இடம் கட்டாயம் மாலைக்குத்தான். பேத்தியைத் தள்ளுவண்டியில் தூங்க விட்டு, மற்றவர்கள் நிதானமாகச் சுற்றலாம். நடைபாதை குறுகல், ஞாயிறு மாலை கூட்டத்தில் தள்ளுவண்டி நகராது. வாரநாளில் போங்கள்.

ஒரு பிற்பகல் மழைக்கு நூலகம் கைகொடுத்தது. ஈசூன் நூலகம் கடைத்தொகுதிக்குள்ளேயே இருக்கிறது, தமிழ்ச் சிறுவர் புத்தகங்கள் உண்டு, உட்கார்ந்து படிக்க யாரும் உறுப்பினர் அட்டை கேட்பதில்லை.

ஜூனில் வருகிறவர்களுக்காகக் கேட்ட தோழிகளே, உங்கள் கணக்கு என்னுடையதைப்போல் இருக்காது. ஜூனில் நம் பிள்ளைகளுக்கும் நாலு வாரம் விடுமுறை, எங்கே போனாலும் கூட்டம். மழை குறைவு, வெயில் அதிகம். கூட்டம் பிடிக்காவிட்டால் மண்டாயை விட்டுப் பூமலையையும் கிழக்குக் கடற்கரையையும் காலை நேரத்துக்குப் பிடித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டிலிருந்து ஏப்ரல், மே மாதத்தில் வருகிறவர்கள் அதிர்ஷ்டசாலிகள், அப்போது நம் பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். காசு கொடுத்துப் போவது ஒரே ஒரு இடம்தான் என்று என்னை நெருக்கினால் விலங்குத் தோட்டம் என்பேன். ஒரு இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகலாம் என்றால் பூமலை, யோசிக்கவே மாட்டேன்.

ஜுவல் சாங்கியைத் தனியாக ஒரு நாள் ஒதுக்கிப் பார்க்க வேண்டாம். எப்படியும் விமான நிலையம் போகத்தான் போகிறீர்கள். வரும் நாளில் எல்லாரும் களைத்திருப்பார்கள், ஊர் திரும்பும் நாளில் மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். 2019-ல் திறந்தது, உள்ளே 40 மீட்டர் அருவி, கட்டடத்துக்குள் இருப்பதில் உலகத்திலேயே உயரமானது. சுற்றிலும் உட்கார இடம், குளிர்ச்சி, காசு இல்லை. நாங்கள் மதுரைக்காரர்களை வழியனுப்பப் போனபோது மாலை விளக்குக்காட்சி தொடங்கியிருந்தது. பேத்தி வாயைத் திறந்தபடி நின்றாள். சம்பந்தி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மேலே பார்த்தார், கொஞ்ச நேரம் கீழே பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரர் காதருகே குனிந்து, "எல்லாம் சரி சம்பந்தி, குளிக்க விடுவாங்களா?" என்றார்.

"குற்றாலம்னு நினைச்சீங்களா?" என்று சம்பந்தியம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.